கருவிழி ஓட்டைக்கு டிஷ்யூ பசை: எந்தக் காயத்துக்கு, எவ்வளவு, எப்படி?

தாலுகா_கண்

கருவேல முள், ஊசி, கம்பி நுனி குத்தி ஒன்றிரண்டு மி.மீ. ஓட்டையோடு வரும் கண்கள் ஒரு பக்கம். புண் கரைந்துகொண்டே போய் கடைசியில் பொத்துக்கொள்ளும் கருவிழிகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சயனோஅக்ரிலேட் பசை வைக்கிறோம், ஆனால் முறை ஆளுக்கொன்று. சிலர் ஊசியிலிருந்து நேராகச் சொட்டுகிறார்கள், சிலர் பிளாஸ்டிக் வில்லை வைக்கிறார்கள், சிலர் முன்னறைக்குள் (கருவிழிக்கும் அதன் பின்னால் உள்ள நிறத் திரையான ஐரிஸுக்கும் நடுவே நீர் நிற்கும் இடம்) காற்று விடுகிறார்கள். இன்றைக்கு வைத்த பசை நாளைக்கு அதன் மேல் போட்ட பேண்டேஜ் லென்ஸோடு (காயத்தை மூடும் கான்டாக்ட் லென்ஸ்) சேர்ந்து கையில் வருவதும் நடக்கிறது.

கேள்வி மூன்று. எந்த ஓட்டைக்குப் பசை, எதற்குத் தையல்? பசை எவ்வளவு? பெயர்ந்து விழுவது ஏன்? தினமும் செய்பவர்கள் எழுதுங்கள்.

நுண்ணோக்கி

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பாதி வேலை.

பசைக்கு ஏற்றவை: 2 மி.மீ. வரையுள்ள ஓட்டை (3 மி.மீ. கடைசி எல்லை), இன்னும் பொத்துக்கொள்ளாமல் டெஸ்ஸிமெட் சவ்வு (கருவிழியின் உட்புற மெல்லிய படலம்) மட்டும் கொப்புளம் போலத் துருத்தி நிற்கும் இடம், திசு கொஞ்சம் போய்விட்டதால் தையல் போட்டால் சுருங்கி இழுக்கும் நட்சத்திர வடிவக் காயத்தின் நடுப்புள்ளி, தையல் போட்ட பிறகும் ஒழுகும் ஊசித்துளை.

ஏற்காதவை: ஐரிஸ் வெளியே பிதுங்கி நிற்பது, 3 மி.மீ.க்கு மேல் திசு போனது, காயம் லிம்பஸைத் (கருவிழியும் வெண்விழியும் சேரும் ஓரம்) தாண்டி வெண்விழிக்குள் ஓடுவது, உள்ளே இரும்புச் சில்லு இருக்கலாம் என்ற சந்தேகம். இவற்றுக்கு தியேட்டர்தான்.

ஒழுகலே இல்லாமல் தானாக மூடிக்கொண்ட சின்னக் குத்துக்கு பசையும் வேண்டாம், தையலும் வேண்டாம். முன்னறை ஆழமாக இருந்து சைடல் டெஸ்ட் (ஃப்ளூரசின் சாயம் பூசி ஒழுகலைப் பார்ப்பது) நெகட்டிவ் என்றால் பேண்டேஜ் லென்ஸ், ஆன்டிபயாடிக் சொட்டு, மறுநாள் மறுபடி பார்வை. அவ்வளவு போதும்.

சைடல் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளூரசின் பட்டையை நனைத்து காயத்தின் மேலேயே பூச வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு விட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் ஏற்கெனவே நீர்த்துப்போன மஞ்சள்தான் தெரியும், மெல்லிய ஒழுகல் தப்பிவிடும். அடர்த்தியாகப் பூசினால் அந்தக் கருஞ்சிவப்பு மஞ்சளின் நடுவே பச்சை ஓடை ஒன்று கீழே வழிவது தெளிவாகத் தெரியும். ஒழுகுகிறதா என்று பார்க்கக் கண்ணை அழுத்தாதீர்கள்.

பத்துபூஜ்யம்

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். நேர்க்கோட்டு வெட்டுக்குப் பசை வைக்காதீர்கள். 4 மி.மீ. நீளக் கீறல், விளிம்புகள் சுத்தம், திசு எதுவும் போகவில்லை என்றால் அது 10-0 நைலானுக்கு (மிக மெல்லிய தையல் நூல்) உரியது.

பசை வைத்தால் என்ன ஆகும்? கீறலின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே பசை இறங்கி அங்கேயே கல்லாகிவிடும். சேர வேண்டிய இரண்டு விளிம்பையும் அதுவே பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பசை விழும்போது ஆறாத வாய் ஒன்று திறந்திருக்கும், அதுவும் இப்போது விளிம்பு மழுங்கி. தைக்க நேரமில்லை என்று பசை வைத்த கண்ணை ஒரு மாதம் கழித்துத் தைப்பதுபோல் கஷ்டமான வேலை கிடையாது.

பசை என்பது மேலே போடும் மூடி. இடைவெளிக்குள் அடைக்கும் சிமென்ட் என்று நினைக்கக் கூடாது.

கேஷுவாலிட்டி_24

கண் டாக்டர் கைக்குப் போகும் முன்னால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். பசை வைக்கும் வாய்ப்பே அங்கேதான் கெடுகிறது.

பொத்த கண் என்று சந்தேகம் வந்தாலே பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக் கூடாது. மேலே ஷீல்டு மட்டும். ஷீல்டு இல்லையென்றால் காகித டீக்கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். கப் கண்ணிமையைத் தொடக் கூடாது.

ஆயின்மென்ட் போடாதீர்கள். உள்ளே போனால் கெடுதல், வெளியே இருந்தால் பசை ஒட்டாது. குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்காதீர்கள், பல சமயம் அதுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். டெட்டனஸ் ஊசி, வாந்தி வராமல் இருக்க மருந்து, மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் வாய்வழி எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஐரிஸ் வெளியே வந்துவிடும். 1.5 மி.மீ. ஓட்டையாக வந்தது பசைக்கு ஆகாத காயமாக மாறிவிடும்.

சுத்தியல், உளி, கல் உடைப்பு என்று சொன்னால் சி.டி. எடுக்காமல் எந்த முடிவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ. வேண்டவே வேண்டாம். உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் அதை நகர்த்தும்.

நுண்ணோக்கி

இனி செய்முறை. வில்லை முறையை எழுதுகிறேன், நேரடிச் சொட்டு முறையை வேறு யாராவது வாதாடலாம்.

நோயாளி மல்லாந்து, மைக்ரோஸ்கோப் அடியில். மரத்துப்போகச் செய்யும் ப்ரோபராகெய்ன் 0.5% சொட்டு இரண்டு மூன்று முறை. இமையை விரித்துப் பிடிக்க, கண்ணை அழுத்தாத மெல்லிய கம்பி ஸ்பெகுலம். தொற்று இருக்கலாம் என்றால் பசைக்கு முன்பே புண்ணின் ஓரத்திலிருந்து சுரண்டல் எடுத்து ஸ்லைடுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். பசைக்குப் பிறகு அந்த இடம் கைக்குக் கிடைக்காது.

அடுத்ததுதான் எல்லோரும் அவசரப்படும் இடம். ஓட்டையைச் சுற்றி 1 முதல் 2 மி.மீ. அகலத்துக்கு எபிதீலியத்தைச் (கருவிழியின் மேல் தோல்) சுரண்டி எடுக்க வேண்டும். அழுகிய, பிசுபிசுத்த திசுவும் போக வேண்டும். எபிதீலியத்தின் மேல் வைத்த பசை எபிதீலியத்தோடு உரிந்து வந்துவிடும். அடியில் ஸ்ட்ரோமா (கருவிழியின் தடித்த நடு அடுக்கு) வெறுமையாகத் தெரிந்தால்தான் பிடிப்பு.

பிறகு செல்லுலோஸ் ஸ்பாஞ்ச் முனையால் உலர்த்துவது. ஒரு ஸ்பாஞ்சை ஓட்டையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொன்றால் சுற்றிலும் துடைத்து, பசை தயார் என்றதும் முதல் ஸ்பாஞ்சை எடுத்த நொடியே வில்லை இறங்க வேண்டும். நடுவில் மூன்று நொடி போனாலும் தண்ணீர் ஊறிவிடும். அப்படி ஊறினால் வைக்காதீர்கள், மறுபடி உலர்த்துங்கள்.

வில்லையை மெதுவாக ஒற்றி, அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். சில நொடிகளில் இறுகத் தொடங்கும், ஆனாலும் இரண்டு மூன்று நிமிடம் உலர்வாகவே விடுங்கள். அதற்குப் பிறகு சைடல். ஒழுகல் இல்லையென்றால் 14 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய பேண்டேஜ் லென்ஸ். சைடல் பார்க்கும் முன் லென்ஸ் போட்டுவிட்டால் ஒழுகலை லென்ஸ் மறைத்துவிடும்.

டிராலி_சிஸ்டர்

டிராலியில் என்ன வேண்டும் என்று யாரும் எழுதவில்லையே, டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான்.

வில்லைக்கு: ஸ்டெரைல் பிளாஸ்டிக் டிரேப்பின் மெல்லிய, ஒட்டும் பூச்சு இல்லாத பகுதி. தோல் பயாப்சி பஞ்ச் 3 மி.மீ., 4 மி.மீ. இரண்டும். ஓட்டையைவிட வில்லை ஒன்றிரண்டு மி.மீ. பெரியதாக இருக்க வேண்டும். பஞ்சை டிரேப்பின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டம் வந்துவிடும். ஐந்தாறு வில்லை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், முதல் வில்லை கீழே விழும் என்று நினைத்துக்கொண்டே தயார் செய்ய வேண்டும்.

வில்லையைத் தூக்க: மரக்குச்சி உள்ள பஞ்சுக் குச்சியின் பஞ்சில்லாத முனை. அதில் கடுகளவு ஸ்டெரைல் ஜெல்லி அல்லது ஆயின்மென்ட் தடவி வில்லையின் முதுகில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜெல்லி அதிகமானால் வில்லையின் ஓரம் சுற்றி அடிப்பக்கம் வந்துவிடும், பசை பிடிக்காது. வில்லைக்கு வெளியே ஜெல்லி தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பசைக்கு: டியூபர்குலின் சிரிஞ்சு, 30 ஜி (மிக மெல்லிய) ஊசி. ஆம்பூலிலிருந்து பெரிய ஊசியால் இழுத்து, பிறகு 30 ஜி மாட்டுங்கள். ஊசி நுனி ஈரம் பட்டால் அடைத்துக்கொள்ளும், அதனால் இன்னும் இரண்டு ஊசி பக்கத்தில் இருக்கட்டும். அடைத்த ஊசியை வேகமாக அழுத்தினால் திடீரென்று பீய்ச்சும். கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அதைச் செய்யக் கூடாது.

சலைன் பாட்டிலும் சலைன் நனைத்த காஸும் டிராலியின் மறு மூலையில் இருக்க வேண்டும். உதவிக்கு நிற்பவர் பழக்க தோஷத்தில் கருவிழியை நனைக்கச் சொட்டு விடுவார். மற்ற எல்லா அறுவையிலும் அது நல்ல பழக்கம், இங்கே ஒன்று போதும் கெடுக்க.

ஒரு ஆம்பூல் ஒரு நோயாளிக்கு. அரை மி.லி.யில் மீதி நிறைய இருக்கிறதே என்று மூடி ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டாம். உடைத்த ஆம்பூலுக்குள் காற்றின் ஈரம் போய் கெட்டியாகத் தொடங்கிவிடும், கிருமி இல்லை என்ற உறுதியும் போய்விடும்.

மோனோமர்

டாக்டர் இல்லை, பாலிமர் ஆள். "உலர்வாக" என்பது ஏன் என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும்.

சயனோஅக்ரிலேட் காய்ந்து இறுகும் பொருள் இல்லை. தண்ணீரில் உள்ள ஹைட்ராக்சில் அயனி தொட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போகும். அப்படியானால் ஈரம் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. துடைத்த திசுவில் மிஞ்சும் ஈரமே போதும். அதற்கு மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் பசை திசுவைத் தொடும் முன்பே தண்ணீரின் மேல்பரப்பிலேயே இறுகிவிடும். கிடைப்பது வெள்ளையாக, நுரை போல, பொடியாக உதிரும் ஒரு தகடு. கீழே தண்ணீர், மேலே தகடு. இமை இரண்டு முறை மூடினால் வந்துவிடும். நீங்கள் கேட்ட "மறுநாள் கையில் வருவது" பெரும்பாலும் இதுதான்.

அளவுக்கு ஒரு கணக்கு. 3 மி.மீ. விட்டம், 0.2 மி.மீ. தடிமன் உள்ள பசைப் படலத்தின் கன அளவு 1.4 மைக்ரோலிட்டர். சாதாரணக் கண் சொட்டு மருந்துப் புட்டியின் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். அதாவது ஒரு சொட்டில் இருபது முப்பது கண்ணுக்கு வேண்டிய பசை இருக்கிறது. 30 ஜி ஊசி நுனியில் திரளும் துளியே கூட, தானாக விழும் வரை காத்திருந்தால், தேவைக்கு மேல். துளி விழக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும்.

தடிமனாக வைத்தால் இன்னொரு தொல்லை. இறுகும்போது சூடு வரும். மெல்லிய படலத்தில் அது பரவிப் போய்விடும், கட்டியில் தங்கும். மேலோடு இறுகி உள்ளே திரவமாகவும் நிற்கும், அந்தத் திரவம் ஓட்டை வழியாக முன்னறைக்குள் இறங்கலாம்.

கடையில் விற்கும் ஃபெவிக்விக் வகை இதே குடும்பம்தானே என்று யாராவது கேட்பார்கள். அது எத்தில். பக்கச் சங்கிலியில் இரண்டே கார்பன். சங்கிலி குட்டையாக இருந்தால் வேகமாகச் சிதையும், சிதையும்போது ஃபார்மால்டிஹைடும் சயனோஅசெட்டேட்டும் வெளிவரும், திசு வெந்து போகும். மருத்துவத்துக்கு பியூட்டில் (ஹிஸ்டோஅக்ரில்), ஐசோஅமைல் (நம் நாட்டில் ஆம்கிரைலேட்), ஆக்டைல் (டெர்மாபாண்ட்). சங்கிலி நீள நீள சிதைவு மெதுவாகும், வரும் நச்சு திசு தாங்கும் அளவில் இருக்கும். ஹார்ரி கூவர் 1942-ல் கோடாக்கில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குப் பிளாஸ்டிக் தேடியபோது இந்தக் குடும்பம் கைக்கு வந்து, எல்லாவற்றிலும் ஒட்டித் தொலைக்கிறது என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. கருவிழி ஓட்டைக்கு அதைப் பயன்படுத்திய முதல் அறிக்கை 1968, பாஸ்டனில் டோல்மன் குழுவிடமிருந்து.

தாலுகா_கண்

> துளி விழக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும்

இந்த ஒரு வரி போதும் சார். அப்படியானால் நேரடிச் சொட்டு முறை தப்பா?

பத்துபூஜ்யம்

தப்பில்லை தம்பி. 1 மி.மீ.க்கும் குறைந்த ஓட்டை, தையல் துளை ஒழுகல், டெஸ்ஸிமெட் கொப்புளம் இவற்றுக்கு நேரடியாக வைப்பதே சுலபம். ஆனால் "சொட்டு" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஊசி நுனியில் பளபளப்பு தெரியும் அளவுக்குப் பசை வரவைத்து, அந்த நுனியால் ஓட்டையின் விளிம்பைத் தொட்டு, வட்டமாக வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிக் கோலம் போடுவதுபோல் பூச வேண்டும். விளிம்பு இறுகிய பிறகு நடுவை மூடுங்கள். முதலிலேயே நடுவில் வைத்தால் உள்ளே போகும்.

வில்லையின் நன்மை என்னவென்றால் மேற்பரப்பு வழுவழுப்பாக வரும், பசையின் பரப்பளவும் வில்லையின் விட்டத்தோடு நின்றுவிடும். நேரடியாக வைத்தால் முள் முள்ளாக நிற்கும், மேல் இமையின் உள்பக்கம் உரசி கொப்புளம் கொப்புளமாகத் தடித்துவிடும்.

ஓட்டை 3 மி.மீ. பக்கம் நெருங்கினால் இரண்டு வில்லை முறை உண்டு. ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வில்லையை முதலில் பசையே இல்லாமல் ஓட்டையின் மேல் மூடியாக வையுங்கள். அதன் மேல் இன்னும் பெரிய வில்லை, இதில் பசை. கீழ் வில்லை தடுப்பதால் பசை முன்னறைக்குள் போகாது, மேல் வில்லை சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவைப் பிடித்துக்கொள்ளும்.

நுண்ணோக்கி

முன்னறை தட்டையாக இருக்கும் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐரிஸ் கருவிழியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பசை வைத்தால் ஐரிஸும் சேர்ந்து ஒட்டும். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வரை முன்னால் வந்திருந்தால் அதுவும்.

தனியாக ஒரு பக்கத் துளை, காயத்திலிருந்து தள்ளி லிம்பஸ் ஓரத்தில். அதன் வழியாக 30 ஜி கேனுலாவில் காற்று. காற்றுக் குமிழி ஐரிஸைக் கீழே தள்ளும், ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும், அந்தச் சில நொடி மேற்பரப்பு உலர்ந்தே இருக்கும். மூன்று வேலை ஒரே குமிழியில். அளவு முன்னறையின் பாதிக்கு மேல் வேண்டாம். நிரப்பிவிட்டால் கண்மணியைக் குமிழி அடைத்து அழுத்தம் எகிறும், இரவு முழுக்க வலியும் வாந்தியும்.

பத்துபூஜ்யம்

காற்று ஓட்டை வழியாகவே புஸ்ஸென்று வெளியேறிவிடும் கண்களும் உண்டு மேடம், 2 மி.மீ. தாண்டினால் குறிப்பாக. அங்கே கொஞ்சம் விஸ்கோ (கண் அறுவையில் உள்ளே விடும் பிசுபிசுப்பான ஜெல்) நிற்கும்.

நுண்ணோக்கி

நிற்கும் சார், ஆனால் ஓட்டை வழியாக மேலே கசிந்தால் கதை முடிந்தது. விஸ்கோ பூசிய ஸ்ட்ரோமாவில் பசை வழுக்கும், ஸ்பாஞ்சால் துடைத்தாலும் மெல்லிய படலம் மிஞ்சும். போட வேண்டியிருந்தால் ஐரிஸ் துருத்தும் அந்த ஒரு இடத்துக்கு நேர் கீழே ஒரு பொட்டு மட்டும். முன்னறையை நிரப்பக் கூடாது. மறுநாள் அழுத்தமும் பார்க்க வேண்டும், விஸ்கோ வெளியேறும் வழியை அடைக்கும்.

பத்துபூஜ்யம்

ஒப்புக்கொள்கிறேன். ஒரு பொட்டு.

வயல்_கண்

நம் ஊர் விஷயம் ஒன்று. தென் தமிழ்நாட்டில் நெல் சுணை, சோளத் தோகை, முள் பட்டு வரும் புண்களில் பூஞ்சை அதிகம். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ். பாக்டீரியாப் புண்ணில் பொத்த ஓட்டைக்கு வைக்கும் பசையும் இதற்கு வைக்கும் பசையும் ஒன்றாக நடந்துகொள்ளாது.

சயனோஅக்ரிலேட்டுக்கு கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு. கண்ணீரோடு வரும் வெள்ளணுக்கள் ஸ்ட்ரோமாவை அரிப்பதையும் பசைத் தகடு தடுக்கும். பூஞ்சையிடம் இதை நம்பக் கூடாது. அது ஆழமாக இறங்கிப் போகும் ஜாதி. நாடமைசின் 5% ஏற்கெனவே ஸ்ட்ரோமாவுக்குள் சிரமப்பட்டு இறங்கும் பூஞ்சை மருந்து. புண் முழுவதையும் பசையால் மூடிவிட்டால் மருந்துக்கு வழியே இல்லை. ஓட்டைக்கும் அதைச் சுற்றிய ஒரு மி.மீ.க்கும் மட்டும் பசை, மீதிப் புண் திறந்திருக்கட்டும். ஓட்டைக்கு வெளியே புண் பரவுகிறதா என்று தினமும் அளந்து குறிக்கவும் அந்தத் திறந்த இடம் வேண்டும்.

பத்து நிமிட வேலையான 10% கே.ஓ.ஹெச். ஸ்லைடு (சுரண்டலில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது) பார்க்காமல் பசை வைப்பதும், "வீக்கம் குறையட்டும்" என்று ஸ்டீராய்டு சேர்ப்பதும் பூஞ்சைக் கண்ணைக் காவு கொடுப்பது. மருந்துத் தேர்வில் குழப்பம் வேண்டாம். அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளிவந்த மட் (MUTT, பூஞ்சைப் புண் சிகிச்சை) ஆய்வில் வோரிகோனசோல் 1% சொட்டைவிட நாடமைசின் கொடுத்த கண்களில் ஓட்டை விழுவது குறைவு. ஃபியூசேரியத்தில் வித்தியாசம் இன்னும் துலக்கம்.

தாலுகா_கண்

ஃபைப்ரின் பசை பற்றி? டெரிஜியத்துக்கு (கருவிழி மேல் வளரும் சதை) வாங்கி வைத்திருக்கிறோம். அதையே இதற்கும் வைக்கலாமா?

நுண்ணோக்கி

வைக்கலாம், எதிர்பார்ப்பு மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

ஒரு சிரிஞ்சில் ஃபைப்ரினோஜன், மற்றதில் த்ராம்பினும் கால்சியமும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் கடைசிப் படி அப்படியே நடக்கிறது. மிருதுவான, உறுத்தாத, தானாகக் கரையும் கட்டி. கரைவதுதான் சிக்கல், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். சயனோஅக்ரிலேட் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும்.

சண்டீகரில் செய்து 2003-ல் வெளியான ஒப்பீட்டில் 3 மி.மீ. வரையுள்ள ஓட்டைகளை இரண்டுமே மூடின. ஃபைப்ரினில் ஆறுவது சீக்கிரம், ரத்தக்குழாய் வளர்ச்சி குறைவு, ஆனால் கட்டி உருவாக நேரம் அதிகம். அந்த நேரம் ஒழுகும் கண்ணில் கிடைக்காது. ஓடும் நீர் ஃபைப்ரினைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் ஃபைப்ரினைத் தனியாக நம்பாமல் அம்னியான் சவ்வை (பனிக்குடச் சவ்வு) மடித்து மடித்து ஓட்டையில் அடைத்து, அடுக்குகளுக்கு நடுவே ஃபைப்ரின் வைப்பது பொருத்தம். சவ்வுதான் அடைக்கிறது, பசை பிடித்துக்கொடுக்கிறது.

டிராலி_சிஸ்டர்

அதோடு ஃபைப்ரின் கிட்டை உறைநிலையிலோ பொடியாகவோ கொடுப்பார்கள், 37 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்க நேரம் பிடிக்கும். நோயாளியை மேசையில் படுக்கவைத்த பிறகு கிட்டைத் திறக்காதீர்கள். இரண்டு சிரிஞ்சுக்கும் ஒரே ஊசி மாற்றி மாற்றிப் போட்டால் ஊசிக்குள்ளேயே உறையும். மனித பிளாஸ்மாவில் செய்தது, ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள்.

பார்வையாளர்_7

டாக்டர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். சொட்டு மருந்து என்று நினைத்து கடைப் பசையைக் கண்ணில் விட்டுவிட்டால் என்ன செய்வது?

கேஷுவாலிட்டி_24

நல்ல கேள்வி, இரண்டு புட்டியும் ஒரே அளவில் இருக்கும். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இமை ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அன்றே கண் டாக்டரிடம்.

கருவிழி ஈரமாக இருப்பதால் பசை பெரும்பாலும் ஆழமாகப் பிடிக்காது, மேலே தகடாக மிதக்கும். அது உரசுவதால் வரும் சிராய்ப்புதான் வலி. ஒட்டுவது முக்கியமாக இமை முடிகளில். டாக்டர் முடியை நறுக்கி, ஆயின்மென்ட் ஊறவைத்து, தகட்டைப் பிடித்து எடுப்பார். உடனே வராத இமை சில நாளில் தானாகத் திறக்கும்.

இதே காரணத்தால் புருவத்தில் வெட்டுக்காயத்துக்கு டெர்மாபாண்ட் வைக்கும் கேஷுவாலிட்டி நண்பர்களுக்கும்: பசை எந்தப் பக்கம் ஓடும் என்று முதலில் பாருங்கள். காயம் கண்ணுக்கு மேலே என்றால் தலைப்பக்கம் தாழ்வாக, கன்னத்தில் என்றால் தலைப்பக்கம் உயர்வாக. இமை முடி வரிசையில் ஆயின்மென்ட்டால் ஒரு வரப்பு கட்டி, ஈர காஸ் ஒன்றைக் கண்மேல் பிடித்துக்கொள்ளுங்கள். இமையின் விளிம்பே கிழிந்திருந்தாலோ, மூக்கோரக் கண்ணீர்க் குழாய் பக்கம் வெட்டு இருந்தாலோ பசை கிடையாது. அது தையல், அதுவும் கண் டாக்டர் கையில்.

தாலுகா_கண்

நன்றி. பசை வைத்த பிறகு என்ன கொடுக்கிறீர்கள், எப்போது எடுக்கிறீர்கள்?

நுண்ணோக்கி

ஆன்டிபயாடிக் சொட்டு மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% நாளைக்கு நான்கு முறை, கண்மணியை விரிக்கும் ஹோமட்ரோபின் இரண்டு முறை, கண்ணீர்ச் சொட்டு ப்ரிசர்வேட்டிவ் இல்லாதது. உள்ளழுத்தம் பசையைத் தள்ளாமல் இருக்க டிமோலால் 0.5% இரண்டு முறை. ஆஸ்துமா கேட்காமல் எழுதாதீர்கள். தேவைப்பட்டால் சில நாள் அசெட்டசோலமைடு 250 மி.கி., சல்ஃபா அலர்ஜியும் கிட்னியும் விசாரித்த பிறகு. கருவிழி கரைந்துகொண்டே போகும் வகை என்றால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் கூடாது. முடக்குவாதம் போன்ற காரணம் உள்ளே இருந்தால் அதற்கு வைத்தியம் ஆரம்பிக்காமல் பசையை மாற்றி மாற்றி வைப்பதில் அர்த்தமில்லை. பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

தூங்கும்போது ஷீல்டு. மறுநாள், பிறகு முதல் சில நாள் தினமும், அப்புறம் வாரம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பார்ப்பது: முன்னறை ஆழம், சைடல், பசையின் ஓரத்தில் புது வெண்மை. பசைக்கு அடியில் மங்கலான மஞ்சள் தெரிந்து வலி கூடினால் அடியில் தொற்று. பசை அழகாக உட்கார்ந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், எடுத்துச் சுரண்ட வேண்டும், தியேட்டர் தயாராக இருக்க வேண்டும்.

எடுப்பதைப் பொறுத்தவரை, எடுக்காதீர்கள். அடியில் எபிதீலியம் வளர்ந்து வந்ததும் அதுவே தூக்கிவிடும்.

பத்துபூஜ்யம்

வைத்த பிறகு சைடல் பாசிட்டிவ் என்றால் பசை மேல் பசை வைப்பவர்கள் அதிகம். ஈரமான பழைய பசை மேல் புதுப்பசை ஒட்டாது, மேடு மட்டும் உயரும், லென்ஸ் உட்காராது. முழுவதையும் எடுத்துவிட்டு, உலர்த்தி, புதிதாக வையுங்கள். மூன்றாவது முறையும் ஒழுகினால் அந்த ஓட்டை பசைக்கு உரியது இல்லை. கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஒட்டுப்போட்டு மூட மட்டும் என்றால் கிளிசரினில் பதப்படுத்திய கருவிழியே போதும், பார்வைக்கான கருவிழிக்குக் காத்திருக்க வேண்டாம்.

தொற்று கொதிக்கும்போது போடும் மாற்றுக் கருவிழி தோற்கும் வாய்ப்பு அதிகம். பசை இரண்டு மூன்று வாரம் பிடித்துக் கொடுத்தால் அதே அறுவையை அமைதியான கண்ணில் செய்யலாம். பசையின் பெரிய லாபமே அந்த வாரங்கள்தான்.

தாலுகா_கண்

கடைசியாக ஒன்று. லென்ஸ் மட்டும் விழுந்து, பசை அப்படியே இருந்தால்? தூரத்திலிருந்து வரும் நோயாளி அடுத்த வாரம் வரலாமா?

நுண்ணோக்கி

கூடாது. லென்ஸ் இல்லாத பசையை இமை ஒவ்வொரு சிமிட்டலுக்கும் பிடித்து இழுக்கும். அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலை. அதுவரை ஷீல்டு, கண்ணைக் கசக்கக் கூடாது, விழுந்த லென்ஸைக் கழுவித் திரும்பப் போட முயலக் கூடாது. இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, கூட வந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிராலி_சிஸ்டர்

சீட்டோடு ஒரு ஷீல்டும் கொஞ்சம் பிளாஸ்திரியும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஊரில் போய்த் தேட மாட்டார்கள்.